புது ஆபரேட்டர் தனியாக இரவு ஷிப்ட் பார்க்க என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

ஷிப்ட்பொறுப்பு:

வணக்கம். நாளொன்றுக்கு 500 கன மீட்டர் வீட்டுக் கழிவுநீர் வரும் சுத்திகரிப்பு நிலையம். நீண்ட நேரம் காற்றூட்டும் முறை. ஏரேஷன் டேங்க் (காற்றூட்டும் தொட்டி) 400 கன மீட்டர், தண்ணீர் ஆழம் 4 மீட்டர், அடியில் காற்றை நுண்குமிழியாக விடும் டிஃப்யூசர்கள். காற்றைத் தள்ளும் ரூட்ஸ் புளோயர் இரண்டு, ஒன்று ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. கசடு (கழிவைத் தின்னும் பாக்டீரியாத் திரள்) அடியில் படிய ஒரு கிளாரிஃபையர், கடைசியில் கிருமி கொல்ல ஹைப்போகுளோரைட்.

புதிதாக இருவர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் எலக்ட்ரிகல் வேலை தெரிந்தவர், மற்றவர் வேதியியல் படித்தவர். மூன்று மாதத்தில் இருவரும் தனியாக இரவு ஷிப்ட் பார்க்க வேண்டும். பேனல், வால்வு, பம்ப் மாற்றுவது எல்லாம் பத்து நாளில் கைவந்துவிட்டது. தொட்டிக்குள் நடப்பதுதான் பிடிபடவில்லை. அரைமணிப் படிவுச் சோதனையில் (ஒரு லிட்டர் கலவையில் கசடு எத்தனை மி.லி. வரை இறங்குகிறது என்ற அளவு) 800 வந்தால் 800 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். 'ஏன் 800?' என்று கேட்டால் பதில் இல்லை. 'கசடு இறங்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் 'காற்றைக் கூட்டுவோம்' என்கிறார்கள்.

எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது? தனியாக விடலாம் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தெளிநீர்:

அந்தப் படிவுச் சோதனையையே பள்ளிக்கூடமாக வைத்துக்கொள்ளுங்கள் சார். எல்லாச் சோதனையையும் மேலோட்டமாகக் காட்டுவதை விட, இந்த ஒன்றை முதல் மாதம் முழுக்க ஒழுங்காகச் செய்ய வைத்தால் மற்றதெல்லாம் அதிலிருந்தே கிளைவிடும். அரைமணிக்குப் பிறகு ஒரே ஒரு எண்ணை எழுதச் சொல்வதுதான் இப்போதுள்ள கோளாறு. அந்த அரைமணி நேரமும் ஜாடிக்கு முன்னால் உட்கார வையுங்கள்.

சாம்பிள் எடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஏரேஷன் டேங்கிலிருந்து கிளாரிஃபையருக்குப் போகும் முனையில், மேல்நுரையை விலக்கி, சுமார் அரை மீட்டர் ஆழத்தில் எடுக்கணும். தினமும் அதே இடம், அதே நேரம். எடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். பாட்டிலை வேகமாகக் குலுக்கினால் திரள் உடைந்துவிடும், மெதுவாகக் கவிழ்த்துத் திருப்பினால் போதும். ஒல்லியான 1 லிட்டர் சிலிண்டரில் கசடு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், உண்மையை விட மோசமாகக் காட்டும். வாய் அகன்ற 2 லிட்டர் ஜாடி நல்லது. புளோயர் அறை மேசையில் அதிர்வு, வெளியே வைத்தால் வெயில். இரண்டும் ஆகாது.

5, 10, 15, 20, 25, 30 என்று ஆறு அளவுகள் எழுதி வரைபடம் போடச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல கசடு முதல் ஓரிரு நிமிடத்தில் திரண்டு, பஞ்சுபோல் ஒன்றோடொன்று ஒட்டி, நேர்கோடாக எல்லை பிடித்து இறங்கும். மேலே விடும் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஐந்தே நிமிடத்தில் கல்லைப்போல் விழுந்து, மேல்நீரில் ஊசிமுனை அளவு துகள்கள் மிதந்தால் கசடு கிழடாகிவிட்டது. மெதுவாக இறங்கி, மேல்நீர் கலங்கி, தொட்டியில் வெள்ளை நுரை பொங்கினால் இளசு. மெதுவாக இறங்குகிறது, ஆனால் மேல்நீர் கண்ணாடிபோல் இருக்கிறது என்றால் இழை பாக்டீரியா மீது சந்தேகப்படலாம். இழைகள் வலைபோல் நின்று துகள்களை வடிகட்டிவிடும், ஆனால் கசடை நெருங்கிச் சேர விடாது.

30 நிமிடம் முடிந்ததும் ஜாடியைக் கழுவிவிடுகிறார்கள் பாருங்கள், அது வேண்டாம். இன்னும் இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். நன்றாக இறங்கிய கசடு பிறகு கட்டிகட்டியாக மேலே வந்தால், அதற்குள் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாக மாறுகிறது. குச்சியால் லேசாகக் கிளறினால் குமிழி விட்டு மறுபடி கீழே போகும். கிளாரிஃபையரில் கசடுக் கட்டி மிதப்பதற்கும் கசடு இறங்காமல் வழிவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு ஜாடியில் காட்டிவிடலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. மேலே மிதந்து வருவதற்கு, கிளாரிஃபையரில் கசடு தேங்காமல் வேகமாக ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி எடுக்க (ரிட்டர்ன்) வேண்டும். இறங்காமல் வழிவதற்கு அது மட்டும் உதவாது.

எண் அதிகம் வரும் நாளில் இன்னொரு ஜாடி வைக்கச் சொல்லுங்கள். பாதி கசடுக் கலவை, பாதி கிளாரிஃபையர் வெளிநீர். கலந்த ஜாடி முழு ஜாடியின் பாதியை விட மிகக் கீழே இறங்கினால் தொட்டியில் கசடு அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது, ஒரு பகுதியை வெளியேற்றிக் கழிக்க வேண்டும். ஏறக்குறைய பாதியிலேயே நின்றால் கசடின் குணமே கெட்டிருக்கிறது. 'காற்றைக் கூட்டுவோம்' என்ற பதில் இந்த இரண்டாவது ஜாடியைப் பார்த்த பிறகு தானாகவே மாறும்.

---

கணக்குப்பிள்ளை:

தெளிநீர் சொன்னதோடு எஸ்.வி.ஐ. (கசடின் கன அளவுக் குறியீடு) சேர வேண்டும். லிட்டருக்கு இத்தனை மி.லி. என்ற படிவை 1000ஆல் பெருக்கி எம்.எல்.எஸ்.எஸ்.ஸால் (ஒரு லிட்டர் கலவையில் எத்தனை மி.கி. கசடு என்ற அளவு) வகுத்தால் ஒரு கிராம் கசடு எத்தனை மி.லி. இடம் பிடிக்கிறது என்று வரும். 80 முதல் 120 வரை நல்லது. 150 தாண்டினால் கவனம். 300 மி.லி. படிவு, எம்.எல்.எஸ்.எஸ். 3000 என்றால் எஸ்.வி.ஐ. 100. அதே 3000க்கு 800 மி.லி. வந்தால் 267.

ஆனால் எம்.எல்.எஸ்.எஸ். சோதனையே பெரும்பாலும் தப்பாகச் செய்யப்படுகிறது. 25 மி.லி. வடிகட்டி, 105 டிகிரியில் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் ஏறாத மூடிய கலத்தில்) ஆறவிட்டு எடை போட வேண்டும். 0.085 கிராம் மிஞ்சினால் 3400 மி.கி./லி. வடிதாள் முழுதாக உலராமல் வெறும் 0.005 கிராம் ஈரம் தங்கினாலே 200 கூடிவிடும். இன்னொன்று, நுனி குறுகிய பிப்பெட்டால் எடுத்தால் பெரிய திரள்கள் நுனியில் சிக்கி எண் குறைவாக வரும். அகன்ற வாய் அளவுச்சிலிண்டரில் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் பாட்டிலைக் கவிழ்த்துக் கலக்காவிட்டால் கனமான பகுதி அடியிலேயே நின்றுவிடும்.

எலக்ட்ரிகல்காரருக்கு ஒரே ஒரு சூத்திரம் போதும்: மி.கி./லிட்டர் என்பது கன மீட்டருக்கு இத்தனை கிராம். 1000ஆல் வகுத்தால் கிலோ. இதை வைத்து உங்கள் நிலையத்தையே கணக்குப் போடலாம். எண்கள் உதாரணத்துக்கு, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்வரும் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன்) 250 என்றால் 500 × 0.25 = நாளுக்கு 125 கிலோ உணவு. எம்.எல்.எஸ்.எஸ். 3500 என்றால் 400 × 3.5 = 1400 கிலோ கசடு. அதில் உயிர்ப்பகுதி 75 சதவீதம் என்று வைத்தால் 1050 கிலோ. 125ஐ 1050ஆல் வகுத்தால் உணவுக்கும் உயிர்க்கசடுக்கும் உள்ள விகிதம் 0.12. நீண்ட காற்றூட்டல் முறைக்கு 0.05 முதல் 0.15 வரை வழக்கம், ஆகவே சரியாக இருக்கிறது.

அடுத்தது கழிப்பது. இதுதான் ஆபரேட்டரின் உண்மையான கைப்பிடி, மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். 20 நாள் கசடு வயது (கசடு உள்ளே சராசரியாகத் தங்கும் நாள்) வேண்டுமென்றால் 1400 ÷ 20 = நாளுக்கு 70 கிலோ வெளியேற வேண்டும். வெளிநீரில் 20 மி.கி./லி. துகள் போகிறது என்றால் 10 கிலோ தானாகவே போய்விடுகிறது. மிச்சம் 60 கிலோ. ரிட்டர்ன் கசடு 8000 மி.கி./லி. இருந்தால் 60 ÷ 8 = 7.5 கன மீட்டர். கழிக்கும் பம்ப் மணிக்கு 5 கன மீட்டர் தள்ளினால் ஒன்றரை மணி நேரம். ஒரேயடியாக ஓட்டாமல் கால் மணி வீதம் ஆறு தடவை.

இங்கேதான் பயிற்சி தேவை. 'தினமும் ஒன்றரை மணி நேரம் ஓட்டு' என்று எழுதி ஒட்டிவிட்டால் அது சட்டமாகிவிடும். ரிட்டர்ன் கசடு 5000ஆக மெலிந்த வாரத்தில் அதே 7.5 கன மீட்டரில் 37.5 கிலோதான் போகும். நாளுக்கு 22.5 கிலோ உள்ளேயே சேரும், பத்து நாளில் 225 கிலோ. பம்ப் ஒழுங்காக ஓடியது, லாக் ஷீட்டில் டிக் விழுந்தது, கசடு மட்டும் ஏறிக்கொண்டே போனது என்று வியப்பார்கள். ஆகவே கழிப்பதை மணி நேரத்தில் எழுதாமல் கிலோவில் எழுத வையுங்கள். பம்ப் உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது என்பதையும் பெயர்ப்பலகையிலிருந்து எடுக்கக் கூடாது. கசடுத் தொட்டியில் மட்டம் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று கடிகாரம் வைத்து மாதம் ஒருமுறை அளக்கட்டும்.

ஒரு நாளில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் கழிக்கும் அளவை மாற்றக் கூடாது. மாற்றிய பலன் தெரிய ஒரு கசடு வயதாவது ஆகும், உங்களுக்கு 20 நாள். காலை ஷிப்ட் கூட்டி, மதிய ஷிப்ட் குறைத்து, இரவு ஷிப்ட் மறுபடி கூட்டினால் யார் செய்ததன் விளைவு எது என்று யாருக்கும் தெரியாது. மாற்றும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் அளந்து, எழுதி, காரணத்தோடு சொல்லட்டும்.

---

மேலேநிற்பவர்:

இதெல்லாம் சரி நண்பர்களே. ஆனால் வரிசையைக் கேட்டிருக்கிறார். முதல் நாள் காலையில் ஜாடி வேண்டாம், வாயு அளவியைக் கையில் கொடுங்கள். படிவுச் சோதனை தெரியாதவரால் தண்ணீர் கெடும். இது தெரியாதவர் உயிரோடு வீடு திரும்ப மாட்டார், அவரைத் தூக்கப் போனவரும்தான்.

பம்ப் உறிஞ்சும் கிணறு, கசடுக் குழி, மேன்ஹோல், மூடிய வால்வு அறை, காலி செய்த தொட்டி, இவை எதிலும் தலையைக்கூட உள்ளே விடக் கூடாது, மேலிருந்து அளந்து பார்க்கும்வரை. வரிசை: ஆக்சிஜன், எரிவாயு, பிறகு நச்சு வாயு. ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள். எரிவாயு கீழ்வெடிப்பு எல்லையின் 10 சதவீதத்துக்குக் கீழ். ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.முக்குக் கீழ். ஆக்சிஜனை முதலில் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஆக்சிஜன் குறைந்த இடத்தில் பலவகை எரிவாயு சென்சார் சரியாகப் படிக்காது.

மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். மீத்தேன் காற்றை விட லேசு, ஹைட்ரஜன் சல்பைடு கனம். குழாய் விட்டு உறிஞ்சி அளந்தால் அந்தக் குழாய் நீளத்துக்குத் தக்கபடி கருவிக் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்கணும். உடனே எண்ணைப் படித்தால் நீங்கள் படிப்பது குழாயில் இருந்த மேல்காற்றை. தினமும் சோதனை வாயு காட்டி, அலாரம் அடிக்கிறதா என்று பார்த்த பிறகே கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

'நாற்றம் வரவில்லை, இறங்கலாம்' என்ற பேச்சை முதல் நாளே அறுத்துவிடுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு 100 பி.பி.எம். அளவில் சில நிமிடத்தில் மூக்கை மரக்க வைத்துவிடும். நாற்றம் நின்றது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்குதான் வேலை நிறுத்தியிருக்கும். 700ஐத் தாண்டினால் சில மூச்சிலேயே நினைவு தப்பலாம். இன்னொன்று, மேலிருந்து அளக்கும்போது சுத்தமாகக் காட்டிய குழியில் கசடைக் கிளறியதும் வாயு கிளம்பும். அதனால் அளவி இறங்குபவர் நெஞ்சருகே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், காற்றடிக்கும் விசிறிக் குழாய் அடிவரை போயிருக்க வேண்டும். ஹார்னஸ், முக்காலி, கயிற்று வின்ச், மேலே ஒரு ஆள். அந்த மேல் ஆளுக்கு ஒரே ஒரு கட்டளை: என்ன நடந்தாலும் இறங்காதே. வின்ச்சைச் சுற்று, உதவிக்கு ஆள் கூப்பிடு. இதை வாயால் சொன்னால் போதாது. மணல் மூட்டையைக் கட்டித் தூக்க வைத்துப் பழக்குங்கள்.

மின்சாரம்: பேனலில் ஆஃப் செய்வது பூட்டு ஆகாது. மின்வரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரைத் திறந்து, சொந்தப் பூட்டைப் போட்டு, சாவி சட்டைப்பையில். பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு கையை வைக்கணும். ஏரேஷன் டேங்க் ஓரத்தில் கைப்பிடிக் கம்பி இல்லாத இடத்தில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். காற்று கலந்த தண்ணீர் ஆளைத் தாங்காது, நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும். ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது, கலந்தால் குளோரின் வாயு. டெட்டனஸ், ஹெபடைடிஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்று சேர்ந்த வாரமே கேளுங்கள்.

---

ஆம்பியர்:

எலக்ட்ரிகல் தெரிந்தவருக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். பம்பும் புளோயரும் ஒரே மாதிரி என்று நினைப்பார். சென்ட்ரிஃப்யூகல் பம்பில் வெளிவால்வை அடைத்தால் ஆம்பியர் குறையும். ரூட்ஸ் புளோயரில் அடைத்தால் அழுத்தம் ஏறும், ஆம்பியர் ஏறும், ரிலீஃப் வால்வு வேலை செய்யாவிட்டால் புளோயரே சேதமாகும். வெளிவால்வு திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் ரூட்ஸ் புளோயரை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கிணற்று மட்டம் இறங்கவில்லை, ஆம்பியர் குறைவு: வெளிக்குழாய் அடைப்பு, மூடிய வால்வு, காற்றுப் பூட்டு, இவற்றில் ஒன்று. மட்டம் இறங்கவில்லை, ஆம்பியர் அதிகம்: இம்பெல்லரில் துணி சுற்றியிருக்கும், அல்லது பேரிங். கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகு இரண்டு ஃபேஸ் மாறிவிட்டால் பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்போதும் கொஞ்சம் தண்ணீர் வரும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. வேலை முடிந்ததும் மட்டம் இறங்கும் நேரத்தைப் பழைய நேரத்தோடு ஒப்பிட்டால் பிடித்துவிடலாம்.

---

ஆய்வுமேசை:

கணக்குப்பிள்ளை நுண்ணோக்கியை விட்டுவிட்டார். எனக்கு இதில் அவரோடு கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. கணக்கு நேற்றைய நிலையைச் சொல்லும். வாரத்தில் இரண்டு நாள் ஒரு துளிக் கசடைக் கண்ணாடித் தகட்டில் வைத்து 100 மடங்கில் பார்த்தால், வரப்போவதை முன்கூட்டியே சொல்லும். இரண்டாம் மாதமே தொடங்கலாம், வேதியியல் படித்தவர் ஆர்வமாகப் பிடித்துக்கொள்வார்.

பெயர் மனப்பாடம் வேண்டாம். அமீபாவும் சவுக்குபோல் வாலாட்டும் நுண்ணுயிர் வகையும் நிறைய இருந்தால் இளம் கசடு, அல்லது ஏதோ அடி வாங்கித் திரும்ப எழுகிறது. காம்பில் மணிபோல் ஆடும் உயிர்கள் கூட்டமாக நின்றால் நல்ல நிலை. ரோட்டிஃபர் என்னும் பல செல் நுண்ணுயிர் பெருகினால் வயதான கசடு. மணி உயிர்களின் அசைவு ஒரே நாளில் நின்றுபோனால் நச்சு ஏதோ உள்ளே வந்திருக்கிறது, உள்வரும் தொட்டியைப் போய்ப் பாருங்கள். திரள்களுக்கு இடையே முடிபோல் இழைகள் பாலம் கட்டியிருந்தால் பருத்த கசடு (இறங்காமல் உப்பி நிற்பது) வரும் அறிகுறி. ஒவ்வொரு முறையும் அதே பெருக்கத்தில் போனில் ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வைத்தால், ஆறு மாதத்தில் உங்கள் நிலையத்துக்கே உரிய பாடப்புத்தகம் கையில் இருக்கும்.

பி.எச். பற்றி ஒரு வரி. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது ஒவ்வொரு 1 மி.கி. நைட்ரஜனுக்கும் 7.14 மி.கி. காரத்தன்மை (பி.எச். விழாமல் தாங்குவது) கரைகிறது. உள்ளே 35 மி.கி./லி. அம்மோனியா நைட்ரஜன் வந்து முழுதும் மாறினால் 250 மி.கி./லி. காரத்தன்மை காலி. பி.எச். காகிதம் அதை முன்கூட்டிக் காட்டாது, காரத்தன்மை தீர்ந்த பிறகுதான் பி.எச். சட்டென்று சரியும். வெளிநீரில் குறைந்தது 50 மி.கி./லி. காரத்தன்மை மிஞ்சியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை டைட்ரேட் செய்து (சொட்டுச்சொட்டாக ரசாயனம் விட்டு) அளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக குளோரின். குளோரினைக் காட்டும் டி.பி.டி. மருந்து போட்டதும் இளஞ்சிவப்பு மின்னி உடனே நிறம் போய்விட்டால், புதியவர் 'குளோரின் இல்லை' என்று எழுதி டோஸைக் கூட்டுவார். குளோரின் மிக அதிகமாக இருப்பதால் நிறம் வெளுத்திருக்கலாம். குளோரின் இல்லாத தண்ணீரில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி பார்க்க வேண்டும்.

---

ஷிப்ட்பொறுப்பு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இருவரையும் ஜாடிக்கு முன்னால் உட்கார வைத்தேன். 5 நிமிடத்தில் 980, 10இல் 950, 20இல் 880, 30இல் 820. மேல்நீர் மிகத் தெளிவு. பாதிக்குப் பாதி கலந்த ஜாடி 30 நிமிடத்தில் 370. எம்.எல்.எஸ்.எஸ். 3400. இரண்டு மணி நேரம் கழித்தும் மேலே வரவில்லை. டி.ஓ. (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன், மி.கி./லி.) காலை 11 மணிக்கு 2.4. கழிப்பதைக் கூட்டவா, ரிட்டர்னைக் கூட்டவா, குளோரின் கொடுக்கவா?

---

தெளிநீர்:

820க்கும் 3400க்கும் எஸ்.வி.ஐ. 241. கலந்த ஜாடி 370, அதாவது பாதியான 410ஐ விடக் கொஞ்சம்தான் கீழே. அதையே அதன் சொந்தக் கசடளவு 1700ஆல் வகுத்தால் 218. ஆகவே கசடு அதிகம் என்பதல்ல பிரச்சினை, இழைகள். ஆய்வுமேசை சொன்னபடி ஒரு துளியைப் பார்த்து உறுதி செய்துவிடுங்கள்.

ரிட்டர்ன் விகிதத்துக்கு (உள்வரும் நீரைப்போல் எத்தனை மடங்கு ரிட்டர்ன் என்பதற்கு) படிவை (1000 − படிவு) ஆல் வகுக்கும் குறுக்குவழி பலருக்கும் தெரியும். 300க்கு அது 0.43 என்று நியாயமாக வரும். 820க்கு 4.6 மடங்கு என்று வரும், அந்த அளவு ஓட்டினால் கிளாரிஃபையரே கலங்கிவிடும். கசடு நன்றாக இறங்கும்போது மட்டுமே அந்தக் கணக்கு செல்லும். கண்ணாடிக் குழாயை விட்டு கிளாரிஃபையரில் கசடுப் போர்வை எவ்வளவு உயரம் என்று ஷிப்ட்டுக்கு இரண்டு முறை அளந்து, அது ஏறாத அளவுக்கு மட்டும் ரிட்டர்னை வையுங்கள்.

குளோரினைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது இழையைக் கொல்லும், இழை வளர்ந்த காரணத்தைத் தொடாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ரிட்டர்ன் கோட்டில், 1 கிலோ உயிர்க்கசடுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 கிராம் குளோரின் என்று கீழிருந்து தொடங்கணும். ஹைப்போகுளோரைட் டப்பாவில் எழுதியிருக்கும் சதவீதத்தை நம்பாமல் டைட்ரேட் செய்து பாருங்கள், வெப்பத்தில் அது வீரியம் இழந்துகொண்டே போகும்.

காரணத்துக்கு வருவோம். டி.ஓ. 11 மணிக்கு 2.4 என்பது நாளின் ஒரு கணம். வீட்டுக் கழிவுநீர் காலையிலும் இரவிலும்தான் பெருகி வரும். 24 மணி நேரம், இரண்டு மணிக்கு ஒருமுறை, தொட்டியின் நான்கு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். தொடங்கும் முன் மீட்டரை ஈரக்காற்றில் காலிபரேட் செய்து, மெம்பிரேனில் குமிழியோ அழுக்கோ இல்லையென்று பார்க்கட்டும். கூடவே புளோயர் அழுத்தம், ஆம்பியர். 4 மீட்டர் தண்ணீருக்கு மட்டுமே சுமார் 0.4 பார் வேண்டும். அதற்கு மேல் காட்டுவதெல்லாம் குழாயும் டிஃப்யூசரும் தின்பது. பழைய பதிவோடு ஒப்பிட்டால் டிஃப்யூசர் அடைத்திருக்கிறதா என்று தெரியும்.

---

ஷிப்ட்பொறுப்பு:

புதியவர்கள் இருவரும் மாறிமாறி அளந்தார்கள். தொட்டி நடுவில்: காலை 6 மணிக்கு 1.9, 8க்கு 0.5, 10க்கு 1.1, 12க்கு 2.5, மாலை 4க்கு 2.8, 6க்கு 1.6, இரவு 8க்கு 0.4, 10க்கு 0.6, நள்ளிரவில் 2.2. நான்கு இடங்களில் உள்வரும் முனையில்தான் மிகக் குறைவு, இரவு 8க்கு 0.2. புளோயர் அழுத்தம் ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவில் 0.46 பார், இப்போது 0.53. துளியில் இழைகள் நிறையவே தெரிகின்றன. எலக்ட்ரிகல்காரர் புளோயர் உறிஞ்சும் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார், தூசியால் மூடியிருந்தது.

---

தெளிநீர்:

இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நாளுக்கு நாலைந்து மணி நேரம் பாக்டீரியா மூச்சுத் திணறுகிறது. குறைந்த ஆக்சிஜனில் இழைகளுக்குத்தான் சாதகம், திரளைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் அவற்றுக்கு முதலில் கிடைக்கும்.

ஃபில்டரை இன்றே மாற்றுங்கள். ஃபில்டர் அடைத்தால் உறிஞ்சும் காற்று குறையும், ஆனால் வெளி அழுத்தம் 0.46லிருந்து 0.53க்கு ஏறியதற்கு அது காரணமல்ல. அது டிஃப்யூசர் அடைப்பு. ஒவ்வொரு கிளைக்குழாயின் ஈரப்பதம் வடிக்கும் வால்வைத் திறந்து, குழாயில் தேங்கிய தண்ணீரை முதலில் வெளியேற்றிப் பாருங்கள், சில இடங்களில் அதிலேயே அழுத்தம் இறங்கிவிடும். இறங்காவிட்டால் டிஃப்யூசரைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யணும். அதற்குள் காலை 6:30 முதல் 10 வரை, மாலை 6 முதல் இரவு 11 வரை ஸ்டாண்ட்பை புளோயரையும் சேர்த்து ஓட்டுங்கள், சுமை வருவதற்கு முன்பே. டி.ஓ. விழுந்த பிறகு கூட்டினால் ஒரு மணி நேரம் பின்தங்கியே ஓடும். இரண்டும் சேர்ந்து ஓடும்போது அழுத்தம் இன்னும் ஏறும். புளோயரின் பெயர்ப்பலகை அழுத்தத்தையும் மோட்டார் ஆம்பியரையும் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கழிப்பதை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியாது.

தனியாக விடலாமா என்ற கேள்விக்கும் இதுவே வழி. அந்த 24 மணி நேர எண்களை மட்டும் இருவரிடமும் தனித்தனியே கொடுங்கள். என்ன நடக்கிறது, அடுத்து எதை அளப்பீர்கள், எதைத் தொடவே மாட்டீர்கள், யாரை எப்போது எழுப்புவீர்கள், நாலுக்கும் எழுதித் தரட்டும். மூன்றாவது கேள்விக்கு யார் சரியாகப் பதில் எழுதுகிறாரோ அவரை முதலில் இரவு ஷிப்ட்டில் போடுங்கள். கூடவே மேலேநிற்பவர் சொன்ன மணல் மூட்டைப் பயிற்சியை இருவரும் பிசகின்றிச் செய்து காட்ட வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எஸ்.வி.ஐ.யை தினமும் எழுதுங்கள். முதல் வாரம் 241 அப்படியே நிற்கும், ஏறக்கூடச் செய்யலாம், பதற வேண்டாம். மூன்றாவது வாரம் இறங்கத் தொடங்காவிட்டால் அந்த வரைபடத்தோடு இங்கே வாருங்கள்.